லேசிக்கா, பிஆர்கேயா, ஸ்மைலா: முதல் பத்து நாளும் அடுத்த முப்பது வருஷமும்

கண்ணாடியைத் தூக்கிப் போட்ரலாம்னு முடிவு பண்ணின எல்லாருமே முதல்ல கேக்கறது "இதுல எது பெஸ்ட்?"ங்கற கேள்விதான், நானும் அதையேதான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து வீடியோ பாத்து, மூணு டாக்டரைப் பாத்து, ஏற்கனவே பண்ணிக்கிட்டவங்க ஏழெட்டு பேரை நச்சரிச்சு. கடைசில மண்டைல ஏறுனது என்னன்னா, கேள்வியே தப்பு. லேசிக், பிஆர்கே, ஸ்மைல்னு கண்ணு பவரைப் போக்கற லேசர் ஆபரேஷன் மூணுல எதைப் பண்ணாலும், கண்ணு அதுக்குப் பொருத்தமா இருந்துச்சுன்னா, ஆறு மாசம் கழிச்சு போர்டுல படிக்கிற எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் இருக்கறது ரெண்டு இடத்துல. ஆபரேஷன் முடிஞ்ச முதல் பத்து நாள்ல ஒண்ணு, அடுத்த முப்பது வருஷத்துல ஒண்ணு. விளம்பரத்துல வர்ற "மறுநாளே பளிச்"ங்கறது இது ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு காலைப்பொழுது, அவ்ளோதான்.

தங்கச்சி லேசிக் பண்ணிக்கிட்டா, நான் பிஆர்கே, கூட வேலை பாக்கற நண்பன் ஒருத்தன் ஸ்மைல். மூணையும் பக்கத்துல இருந்து பாத்தாச்சு, அதனால எழுதறேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு இதைப் படிங்க.

மூணுமே பண்றது ஒரே வேலை. கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கே கார்னியா, அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமன், அதோட வளைவைக் கொஞ்சம் மாத்தறது. கிட்டப்பார்வைன்னா நடுவுல லேசா தட்டையாக்கணும். லேசிக்ல கார்னியா மேல ஒரு மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ள லேசர் அடிச்சு, மூடியைத் திருப்பி மூடிடுவாங்க, அந்த மூடிக்குப் பேரு ஃப்ளாப். பிஆர்கேல ஃப்ளாப்பே கிடையாது, கார்னியாவோட மேல்தோலை மட்டும் வழிச்சு எடுத்துட்டு நேரா லேசர், தோல் தானா திரும்ப வளரணும். ஸ்மைல்ல மேல எதையும் திறக்கறதில்ல, இன்னொரு வகை லேசரால கார்னியாக்கு உள்ளயே ஒரு குட்டி லென்ஸ் வடிவத்துல துண்டு போட்டு, ஓரத்துல 2-லேர்ந்து 4 மில்லிமீட்டர் கீறல் வழியா அதை உருவி எடுத்துடுவாங்க. லேசிக் ஃப்ளாப்போட வெட்டு கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் சுத்தளவு வரும், அதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சும்மா ஒரு விஷயம், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை. லேசிக்குக்கும் பிஆர்கேக்கும் உபயோகிக்கிற எக்ஸைமர் லேசர் உடம்புத் திசுவை எரிக்காம சுத்தமா சீவி எடுக்கும்னு கண்டுபிடிச்சது 1981-ல ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல, கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் மெட்ராஸ் யூனிவர்சிட்டில படிச்ச ரங்கசாமி சீனிவாசன். பண்டிகை விருந்துல மிஞ்சின வான்கோழிக் கறியைக் கொண்டுபோய் லேசர்ல காட்டிப் பாத்திருக்கார். சுத்தி கருகவே இல்லையாம், வெட்டு மட்டும் கத்தி மாதிரி. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அது, சூடு பண்ணிப் பொசுக்காது, அணுக்களுக்கு நடுவுல இருக்கிற கட்டை அறுத்து விட்ரும். 1988-ல மார்கரீட் மெக்டொனால்டுங்கற அமெரிக்க டாக்டர் பார்வை இருக்கிற ஒரு கண்ணுல முதல் பிஆர்கே பண்ணினாங்க. அதாவது பிஆர்கேதான் மூணுல மூத்தது, லேசிக் அதுக்கடுத்து வந்துச்சு, ஸ்மைலுக்கு அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுத்ததே 2016-லதான். புதுசுன்னா நல்லதுன்னு நினைக்கிறது நம்ம ஃபோன் வாங்கற புத்தி, கண்ணுக்கு அது செல்லாது.

சரி, தேர்வுக்கு வருவோம். உண்மையச் சொல்லணும்னா பாதி பேருக்கு தேர்வு பண்ற வேலையே இருக்காது, கண்ணே முடிவு பண்ணிடும். அதனால டெஸ்ட்டுதான் முக்கியம், அதுலதான் நான் முதல்ல ஏமாந்தேன்.

முதல்ல போன இடத்துல காண்டாக்ட் லென்ஸ் போடுவீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல. காலைல வரைக்கும் லென்ஸ் போட்டிருந்தேன், அங்க போய் கழட்டி டப்பால வச்சேன், பத்து நிமிஷத்துல அளவெடுத்துட்டாங்க, டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே ஒரு கவுன்சிலர் வந்து உக்காந்து "சார் நீங்க பெர்ஃபெக்ட் கேண்டிடேட், இந்த வாரமே ஸ்லாட் இருக்கு"ன்னு தேதி குறிக்க ஆரம்பிச்சுட்டார். லென்ஸ் கார்னியாவை அமுக்கி அதோட வடிவத்தையே மாத்தி வச்சிருக்கும், அது பழைய நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்த அளவு உங்க கண்ணோட அளவே இல்ல. எஃப்டிஏ சொல்றது, அளவெடுக்கறதுக்கு முன்னாடி சாதா சாஃப்ட் லென்ஸ்னா 2 வாரம், சிலிண்டர் பவருக்குப் போடற டோரிக் லென்ஸ் இல்லன்னா காத்து போற ஹார்ட் லென்ஸ்னா 3 வாரம், பழைய காலத்து முழு ஹார்ட் லென்ஸ்னா 4 வாரம் கழட்டி வைக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடின்னு இல்லைங்க, முதல் டெஸ்ட்டுக்கே. ரெண்டு வாரம் கண்ணாடில சுத்திட்டு வேற இடத்துல அளவெடுத்தா என் வலது கண்ணு பவர் அரை பாயிண்ட் மாறி வந்துச்சு. முதல் இடத்துலயே படுத்திருந்தா அந்த அரை பாயிண்ட் என் கண்ணுல செதுக்கியிருக்கும். அதனால லென்ஸ் பத்திக் கேக்காம அளவெடுக்கிற இடம்னா எந்திரிச்சு வந்துருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இப்ப எந்தக் கண்ணுக்கு எது தாங்கும்னு பாக்கிற தடிமன் கணக்கு. என் கார்னியா தடிமன் 490 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்), சராசரி 540 பக்கம்னு சொல்வாங்க, அதாவது எனக்கு ஒல்லி. பவர் மைனஸ் 6. லேசர் எவ்ளோ ஆழம் சீவும்ங்கறதுக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு இருக்கு, லேசர் அடிக்கிற வட்டத்தோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலயே பெருக்கி, மூணால வகுத்தா, ஒரு பவருக்கு எத்தனை மைக்ரான்னு வரும். 6.5 மில்லிமீட்டர் வட்டம்னா 14 மைக்ரான், ஆறு பவருக்கு 85 பக்கம். லேசிக்னா ஃப்ளாப்புக்கு ஒரு 110 போச்சு. 490-ல 110 போய், 85 போய், மிச்சம் 295. அடில குறைஞ்சது 250 மிச்சம் இருக்கணும்ங்கறது ரொம்ப நாளா இருக்கிற விதி, ஆனா நிறைய டாக்டருங்க 300-க்குக் கீழ இறங்க யோசிப்பாங்க. இன்னொரு கணக்கும் உண்டு, ஃப்ளாப்பையும் சீவறதையும் சேத்து மொத்தத் தடிமன்ல 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எனக்கு 39.8 வந்துச்சு. டாக்டர் பேப்பர்ல இதை எழுதிக் காட்டிட்டு பேனாவை வச்சுட்டு "பண்ணலாம். ஆனா என் கண்ணா இருந்தா பண்ணிக்க மாட்டேன்"னார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவர்கிட்ட பண்ணிக்கிட்டேன்னு சொல்லலாம். பிஆர்கேன்னா மேல்தோல் 50 மைக்ரானும் சீவற 85-ம் போக 355 மிச்சம், தோலும் திரும்ப வளந்துரும். ஸ்மைல்ல உருவற துண்டு கிழியாம வரணும்னு ஒரு 15 மைக்ரான் கூடவே வச்சு வெட்டுவாங்க, மேல அப்படியே விடற அடுக்கும் 120 பக்கம், அதனால ஒல்லி கார்னியாக்காரங்களுக்கு கணக்குல அது லேசிக்கை விட லாபமில்ல. ஃப்ளாப் வெட்டாததால மேல்பக்கம் பலமா இருக்கும்ங்கற வாதம் உண்டு, அதை அந்தந்த டாக்டர்தான் உங்க கண்ணைப் பாத்து எடை போடணும்.

தடிமனை விட வடிவம் இன்னும் முக்கியம். டோபோகிராஃபின்னு கலர் கலரா ஒரு மேப் எடுப்பாங்க, அதுல கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி புடைச்சிருக்கிற கெரடோகோனஸ் சாயல் துளி இருந்தாலும் மூணுமே வேண்டாம், ஏற்கனவே பலவீனமான சுவரைச் செதுக்கினா வருஷம் போகப் போக அது முன்னாடி பிதுங்கிட்டு வரும். கண்ணைக் கசக்கற பழக்கம் இருக்கிறவங்க, வீட்ல யாருக்காவது கெரடோகோனஸ் இருக்கிறவங்க, இதை வாயைத் திறந்து சொல்லிடுங்க. வயசு 18 தாண்டியிருக்கணும், ஒரு வருஷமா பவர் அரை பாயிண்டுக்கு மேல மாறியிருக்கக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கறவங்க தள்ளிப் போடணும், ஹார்மோன் மாற பவரும் மாறும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்டறவங்க, சர்க்கரை கட்டுப்பாட்ல இல்லாதவங்க, மூட்டுவாத வகை நோய் இருக்கிறவங்க எல்லாம் மறைக்காம சொல்லணும், காயம் ஆறுறதுல சிக்கல் வரும். அப்புறம் கண்ணீர் டெஸ்ட். கீழ் இமைக்குள்ள ஒரு காகிதத் துண்டைச் சொருகி 5 நிமிஷம் உக்கார வைப்பாங்க, எவ்ளோ நனைஞ்சிருக்குன்னு பாப்பாங்க, 5 மில்லிமீட்டர் கூட நனையலன்னா வறண்ட கண்ணுதான், முதல்ல அதைச் சரி பண்ணிட்டுத்தான் மத்தது.

கடைசியா கண்மணியை விரிக்கிற சொட்டு விட்டு கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற ரெட்டினாங்கற திரையைப் பாப்பாங்க, அன்னைக்கு வண்டி ஓட்டிட்டுப் போயிடாதீங்க, நாலஞ்சு மணி நேரம் வெயில்ல கண்ணே திறக்க முடியாது.

இதெல்லாம் தாண்டி மூணுக்கும் கண்ணு ஓகேன்னு வந்தாத்தான் "எது?"ங்கற கேள்விக்கே மதிப்பு.

லேசிக்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா முதல் பத்து நாளை வச்சு மட்டும் மார்க் போட்டா அதுக்குத்தான் முதல் இடம். தங்கச்சி மத்தியானம் பண்ணிக்கிட்டா, வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் கண்ணுல வெங்காயம் பிழிஞ்ச மாதிரி எரியுதுன்னு அழுதுக்கிட்டே வந்தா, நாலு மணி நேரம் தூங்கி எந்திரிச்சா எரிச்சல் போயிருந்துச்சு, மறுநாள் காலைல சுவத்துக் கடிகாரத்தைப் பாத்து நேரம் சொன்னா. மூணாவது நாள் ஆபீஸ். ஆனா அவ பட்ட கஷ்டம் வேற. கண்ணை மறந்தும் கசக்கிடக் கூடாது, ஃப்ளாப் நகந்துரும், அதனால ஒரு வாரம் ராத்திரி பிளாஸ்டிக் கவசத்தை டேப் போட்டு ஒட்டிக்கிட்டுத்தான் படுத்தா, தூக்கத்துல கை போயிடுமோன்னு பயந்து பயந்தே சரியா தூங்கல. ரெண்டாவது மாசம் வறட்சி ஆரம்பிச்சுது, கம்ப்யூட்டரைப் பாத்து உக்காந்தா மதியத்துக்குள்ள மணல் விழுந்த மாதிரி. கார்னியா நரம்புங்க ஃப்ளாப் வெட்டும்போது அறுந்து போகுது, கண்ணு காஞ்சிருக்குன்னு மூளைக்குச் சேதி போகாது, கண்ணீரும் சுரக்காது, கண் சிமிட்டறதும் குறையும். நரம்பு திரும்ப வளர 6-லேர்ந்து 12 மாசம் வரைக்கும் ஆகும், நிறைய பேருக்கு அதுக்குள்ள சரியாயிடும், சிலருக்கு ஆகாம இழுக்கும். அவளுக்கு எட்டு மாசத்துல சொட்டு மருந்து பாட்டில் ஹேண்ட்பேக்லேர்ந்து வெளிய போச்சு.

இப்ப என் கதை, பிஆர்கே. முதல் பத்து நாளுக்கு மார்க் போட்டா கடைசி இடம், அதுல சந்தேகமே இல்ல. "கொஞ்சம் அசௌகரியம் இருக்கும்"னு ஃபாரம்ல போட்டிருந்தாங்க, அதை எழுதினவர் பண்ணிக்கலன்னு நினைக்கிறேன். முதல் நாள் சாயந்தரம் வரைக்கும் மரத்துப் போற சொட்டோட தெம்புல சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல கண்ணுக்குள்ள கண்ணாடித்தூள். ரெண்டாவது நாள் ரூம்ல ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ள இருக்கும்போதே கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, கண்ணைத் திறந்தா கண்ணீர் கொட்டுது, மூடினா குத்துது. அம்மாதான் மணிக்கொரு தடவை சொட்டு போட்டு விட்டாங்க. வலி மாத்திரை ரெண்டு ராத்திரி காப்பாத்துச்சு. இதுல ஒரு எச்சரிக்கை, அந்த மரத்துப் போற சொட்டை "ரெண்டு சொட்டு வீட்டுக்கும் குடுங்களேன்"னு கெஞ்சத் தோணும், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல அதை விட்டா புதுத் தோல் வளராது, கார்னியாவே கரைஞ்சு போற அளவுக்குப் போகும், எங்கயாவது பழைய பாட்டில் கிடைச்சாலும் தொடாதீங்க.

மூணாவது நாள் வலி பாதியாச்சு, சந்தோஷப்பட்டேன். நாலாவது நாள் காலைல எந்திரிச்சா முந்தின நாளை விட மங்கலா தெரியுது. உயிரே போச்சு எனக்கு, ஆபரேஷன் கெட்டுப் போச்சுன்னே முடிவு பண்ணி டாக்டருக்கு ஃபோன் போட்டேன். அவர் சாவகாசமா சொல்றார், தோல் சுத்தி ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி வளருது, நாலு பக்கமும் வந்து சேர்ற இடம் சரியா பார்வைக்கு நேர் நடுவுல, தையல் போட்ட மாதிரி அங்க ஒரு மேடு இருக்கும், அது வழியா பாத்தா மங்கலாத்தான் தெரியும், போகப் போக வழவழன்னு ஆயிடும். இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாள் நிம்மதியா இருந்திருப்பேன், அதான் உங்ககிட்ட சொல்றேன். அஞ்சாவது நாள் மேல போட்டிருந்த பேண்டேஜ் லென்ஸை எடுத்தாங்க, பவர் இல்லாத லென்ஸ் அது, தோல் வளர்ற வரைக்கும் மூடி வைக்க. பத்தாவது நாள் ஃபோனை எழுத்துப் பெருசு பண்ணி வச்சுப் படிச்சேன், வேலைக்குப் போனேன் ஆனா மானிட்டர்ல முழிச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன். ஒரு நாள் நல்லா தெரியும், மறுநாள் தெரியாது, காலைல ஒரு மாதிரி சாயந்தரம் ஒரு மாதிரி. ரெண்டரை மாசம் ஆச்சு தங்கச்சிக்கு மறுநாள் கிடைச்சது எனக்குக் கிடைக்க.

பிஆர்கேக்கு இன்னொரு தண்டனை, வெயில். புதுசா ஆறுற கார்னியால புற ஊதாக் கதிர் பட்டா புகை படிஞ்ச மாதிரி தழும்பு வரலாம், அதுக்கு ஹேஸ்னு பேரு. பவர் கூட இருந்தவங்களுக்கு ஆபரேஷன் அன்னைக்கே மைட்டோமைசின்ங்கற மருந்தைக் கொஞ்ச நேரம் தொட்டு வச்சுக் கழுவிடுவாங்க, வீட்ல ஸ்டீராய்டு சொட்டு வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல, படிப்படியா குறைச்சுக்கிட்டே போவாங்க. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏத்தும், அதனால "நல்லாத்தானே தெரியுது"ன்னு நடுவுல வர்ற செக்கப்பை ஏமாத்தாதீங்க, சொட்டைத் திடீர்னு நிறுத்தவும் வேண்டாம். பல மாசம் வெளிய போனா யூவி தடுக்கிற கூலிங் கிளாஸ் கட்டாயம்.

அவ்ளோ கஷ்டப்பட்டும் நான் ஏன் வருத்தப்படல? அடுத்த முப்பது வருஷம்ங்கற பக்கத்துல பிஆர்கே ஜெயிக்குது. ஃப்ளாப்புங்கறது ஓரம் மட்டும் நல்லா ஒட்டும், உள்ள பழையபடி ஒட்டவே ஒட்டாது, வருஷங்கள் கழிச்சுக் கூட பலமா அடிபட்டு நகந்த கேஸ் மருத்துவ இதழ்கள்ல பதிவாயிருக்கு. அபூர்வம்தான், ஆனா குத்துச்சண்டை, கராத்தே, கபடி மாதிரி முகத்துல கையும் முட்டியும் படற ஆட்டம் ஆடறவங்க, போலீஸ், ராணுவம்னு போறவங்க, கைக்குழந்தை விரலை விட்டுக் கண்ணை நோண்டற வீட்ல இருக்கிறவங்க கூட யோசிக்கணும். பிஆர்கேல நகர்றதுக்கு ஒண்ணுமே இல்ல. வறட்சியும் எனக்கு தங்கச்சி அளவுக்கு வரல.

ஸ்மைல் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஃப்ளாப் இல்ல, கீறல் சின்னது, நரம்பு கம்மியா அறுபடுது, அதனால வறட்சி பொதுவா லேசிக்கை விட குறைவு. வலியும் பிஆர்கே மாதிரி இல்ல, நண்பனுக்கு ஒரு சாயந்தரம் எரிச்சல், அவ்ளோதான். ஆனா மறுநாள் பளிச்னு எதிர்பாத்தவன் முகம் தொங்கிப் போச்சு, லேசா பனி மூடின மாதிரி ஒரு வாரத்துக்கு இருந்துச்சு, லேசிக்கை விட தெளிவு வர்றதுக்கு கொஞ்ச நாள் கூட ஆகறது சகஜம்தான். அதோட ரெண்டு குறை சொல்லணும். ஒண்ணு, இது முக்கியமா கிட்டப்பார்வைக்கும் சிலிண்டருக்கும்தான், தூரப்பார்வைக்காரங்களுக்கு லேசிக்கோ பிஆர்கேயோதான் பழக்கத்துல இருக்கு. ரெண்டாவது, அரை பாயிண்ட் முக்கால் பாயிண்ட் மிச்சம் நின்னுச்சுன்னா லேசிக்காரங்களுக்கு ஃப்ளாப்பைத் தூக்கி இன்னொரு தடவை அடிச்சிடலாம், ஸ்மைல்ல அதே கீறல் வழியா மறுபடி உருவ முடியாது, பெரும்பாலும் மேல பிஆர்கேதான் பண்ணணும். அதாவது எந்த வலிக்குப் பயந்து ஸ்மைலுக்குப் போனோமோ அதே வலி வாசல்ல நிக்கும். பவர் அதிகமா இருக்கிறவங்களுக்கு திருத்தம் தேவைப்பட வாய்ப்பும் அதிகம், அதனால இதைக் கட்டாயம் கேட்டுட்டுப் போங்க.

ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரியறது, ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறறது, இது மூணுலயும் உண்டு, முதல் சில மாசம் கூடவே இருக்கும். எஃப்டிஏ சம்பந்தப்பட்ட ப்ரௌல்னு ஒரு லேசிக் ஆய்வு 2017-ல வெளிவந்துச்சு, அதுல ஆபரேஷனுக்கு முன்னாடி இந்தத் தொந்தரவே இல்லாதவங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல மூணாவது மாசம் புதுசா ஏதாவது ஒரு தொந்தரவு தெரியுதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா அதனால அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டமாச்சுன்னு சொன்னவங்க 1 சதவீதத்துக்கும் கீழ. ரெண்டு நம்பரையும் சேத்துப் படிக்கணும். விளம்பரக்காரன் ரெண்டாவதை மட்டும் சொல்வான், இன்டர்நெட்ல பயமுறுத்தறவன் முதலாவதை மட்டும். ராத்திரி வண்டி ஓட்டியே பிழைக்கிறவரா இருந்தா டாக்டர்கிட்ட இதை முதல் கேள்வியா வைங்க.

பவர் மைனஸ் 8, 9-னு தாண்டிட்டா, இல்ல கார்னியா ரொம்ப ஒல்லின்னா, லேசரை விட்டுட்டு ஐசிஎல் பக்கம் திரும்பணும். கண்மணியைச் சுத்தி இருக்கிற கலர் திரைக்குப் பின்னாடி, நம்ம சொந்த லென்ஸுக்கு முன்னாடி ஒரு மெல்லிய லென்ஸை மடிச்சு உள்ள வைக்கிறது அது. கார்னியாவைச் சீவறதே இல்ல, வேண்டாம்னா எடுத்துடலாம், இது பெரிய பலம். ஆனா கண்ணுக்கு உள்ள போற ஆபரேஷன், உள்ள கிருமி போனா விளைவு பெருசு, உள்ள இடம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும், கண்புரை சீக்கிரம் வர்ற வாய்ப்பும் அழுத்தம் ஏர்ற வாய்ப்பும் கொஞ்சம் உண்டுங்கறதால வருஷா வருஷம் செக்கப். மைனஸ் 3 இருக்கிறவருக்கு இதை யாராவது தள்ளிவிடப் பாத்தா காரணத்தைக் கேளுங்க. அப்புறம் யாரும் சொல்லாத அஞ்சாவது ஆப்ஷன், ஒண்ணும் பண்ணாம இருக்கறது. மைனஸ் ஒண்ணே கால் வச்சுக்கிட்டு வயசு 43-ல வந்து நிக்கிறவருக்கு அதுதான் நல்ல ஆப்ஷன், ஏன்னு கடைசில சொல்றேன்.

தயாராகறதுக்கு நான் பண்ணினதுல உருப்படியான சிலது. லீவை லேசிக்குக்கு மூணு நாள், ஸ்மைலுக்கு நாலஞ்சு நாள், பிஆர்கேக்கு முழுசா ஒரு வாரம் பத்து நாள்னு போடுங்க, கண்ணை நம்பி வேலை பாக்கறவங்க பிஆர்கேக்கு இன்னும் கூட போடுங்க. முந்தின நாள்லேர்ந்து மை, க்ரீம், சென்ட் எதுவும் கிட்டயே வரக்கூடாது, மை துணுக்கு இமையோரத்துல நின்னா கிருமிக்கு வாசல். தலைக்கு முந்தின நாளே குளிச்சிடுங்க, அப்புறம் கொஞ்ச நாளைக்கு கண்ணுல தண்ணி படக் கூடாது, ஷாம்பூ நுரை ஆகவே ஆகாது. ஃபோன்ல எழுத்துப் பெருசா வச்சுட்டு, சொட்டு நேரத்துக்கெல்லாம் அலாரம் போட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேற வேற கலர் ரப்பர் பேண்ட் சுத்தி வச்சேன், கண்ணே திறக்க முடியாதப்ப லேபிளைப் படிக்கவா முடியும். ரெண்டு சொட்டுக்கு நடுவுல 5 நிமிஷம் விடணும், இல்லன்னா ரெண்டாவது முதலாவதைக் கழுவித் தள்ளிரும். கண்ணீர் சொட்டு வாங்கும்போது பிரிசர்வேட்டிவ் இல்லாததா கேளுங்க, ஒரு நாளைக்குப் பத்து தடவை விடும்போது அந்த பிரிசர்வேட்டிவே எரிச்சல் குடுக்கும். கேக்கறதுக்கு ஏதாவது ஆடியோ இறக்கி வைங்க, பாக்கறதுக்கு ஒண்ணும் வேண்டாம். நீச்சல், கண்மை எல்லாம் குறைஞ்சது ரெண்டு வாரத்துக்கு மறந்துருங்க.

ஆபரேஷன் தியேட்டர்ல பயப்பட ஒண்ணும் இல்ல, ரெண்டு கண்ணுக்கும் சேத்து அரை மணி நேரம் கூட இருக்காது. இமையை ஒரு கம்பி பிடிச்சுக்கும், சிமிட்டிடுவேனோன்னு கவலை வேண்டாம், லேசிக்லயும் பிஆர்கேலயும் கண்ணு லேசா நகந்தாலும் மெஷின் பின்னாடியே வரும், ரொம்ப நகந்தா நின்னுரும். லேசிக்லயும் ஸ்மைல்லயும் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும்போது கொஞ்ச நேரம் பார்வை மங்கிட்டோ இருட்டிட்டோ வரலாம், அது இயல்புதான். எனக்கு முடி கருகற வாசனை வந்துச்சு, கண்ணு வேகுதோன்னு திடுக்குன்னு ஆச்சு. மேல சொன்னேனே, இந்த லேசர் எரிக்கிறதே இல்ல, கார்னியா தூளா பறக்கிற வாசனை அது.

வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்கெல்லாம் ராத்திரின்னு பாக்காம ஃபோன் போடணும்னா, குறைஞ்சுக்கிட்டு வந்த வலி திடீர்னு கூடினா, ஒரே கண்ணு மட்டும் செவந்து பீளை தள்ளினா, தெரிஞ்சுக்கிட்டிருந்த பார்வை சட்டுன்னு மங்கினா, லேசிக்காரங்களுக்கு கண்ணுல அடியோ இடியோ பட்டா. நாலாவது நாள் பிஆர்கே மங்கலுக்கு நான் போட்ட மாதிரி போட்டாலும் யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

முப்பது வருஷக் கணக்குக்கு வர்றேன். நாப்பதைத் தாண்டினா வர்ற வெள்ளெழுத்தை இது மூணும் தடுக்காது, அது கார்னியா பிரச்சனையே இல்ல, உள்ள இருக்கிற லென்ஸ் விறைச்சுப் போறது. இப்ப கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேப்பர் படிக்கிற மைனஸ் ரெண்டுக்காரர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா தூரம் தெரியும், பேப்பர் படிக்க கண்ணாடி தேடுவார். அதான் அந்த 43 வயசுக்காரரை இருக்கட்டும்னு சொன்னேன். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் ஒண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கிற மோனோவிஷன்னு ஒரு வழி இருக்கு, அதை முதல்ல காண்டாக்ட் லென்ஸ் போட்டு ரெண்டு வாரம் ஒத்திகை பாத்துட்டுத்தான் செதுக்கச் சொல்லணும்.

கிட்டப்பார்வைக் கண்ணு நீளமான கண்ணு, லேசர் அடிச்சதும் பவர் போகும், நீளம் போகாது, ரெட்டினா கிழியற அபாயம் அப்படியே இருக்கு. திடீர்னு புள்ளி புள்ளியா மிதந்தா, மின்னல் வெட்டினா, ஓரத்துல திரை விழுந்தா அன்னைக்கே போகணும், "எனக்குத்தான் பவரே இல்லையே"ன்னு உக்காந்திருக்கக் கூடாது. கண் அழுத்தம் பாக்கிற மெஷின் கார்னியா தடிமன் 520 மைக்ரான் பக்கம் இருக்கும்னு நினைச்சு உருவாக்கினது, சீவி ஒல்லியாக்கின கண்ணுல அழுத்தத்தைக் குறைச்சுக் காட்டும், கண் நரம்பைக் கெடுக்கிற கிளௌகோமா நோய் இருந்தும் நார்மல்னு சொல்லிடலாம். அதனால எந்தப் புது டாக்டர்கிட்ட போனாலும் லேசர் பண்ணிக்கிட்டேன்னு முதல் வார்த்தையா சொல்லணும்.

அதே மாதிரி கண்புரை. அறுபது வயசுல புரை எடுத்துட்டு உள்ள வைக்கிற லென்ஸோட பவரை கார்னியாவோட வளைவை அளந்துதான் கணக்குப் போடுவாங்க, லேசர் பண்ணின கண்ணுல அந்த அளவு தப்பா வரும், சாதாரணக் கணக்கைப் போட்டா எதிர்பாராம ப்ளஸ் பவர் வந்து நிக்கும். இதுக்குத் தனிக் கணக்கு இப்ப இருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த அளவு கையில இருந்தா இன்னும் துல்லியமா வரும். அதனால டிஸ்சார்ஜ் சீட்டோட நிக்காதீங்க, பழைய பவர், கார்னியா வளைவு, தடிமன், டோபோகிராஃபி மேப், எவ்ளோ மைக்ரான் சீவினாங்க, இது அஞ்சையும் நகல் எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. நான் கேட்டப்ப "எதுக்கு சார், எல்லாம் எங்க சிஸ்டத்துல இருக்கு"ன்னாங்க. முப்பது வருஷம் கழிச்சு அந்த சிஸ்டம் இருக்குமான்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே பிரிண்ட் போட்டுக் குடுத்தாங்க. பத்திரமெல்லாம் வைக்கிற ஃபைல்ல ஒரு நகல், மெயில்ல ஒரு நகல், தங்கச்சிகிட்ட ஒரு நகல்.